பரங்கிமலை முதல் ஹிங்கன்காட் வரை: வில்லியம் லாம்ப்டனின் அளவைப் பணி – ஒரு நிகழ்வு ஆய்வு

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது, இந்தியப் பெரும் முக்கோண அளவையைப் பின்னாளில் தொடங்கிய வில்லியம் லாம்ப்டனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். பிறந்த ஆண்டை 1753 என்பாரும் உண்டு, 1756 என்பாரும் உண்டு. அந்த வயதிலும் அவர் வெறும் லெப்டினன்ட். அவருடைய 33ஆம் காலாட்படைக்குக் கர்னலாக இருந்த ஆர்தர் வெல்லெஸ்லிக்கு மூன்று நாள் முன்புதான் முப்பது முடிந்திருந்தது. பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனவர் இவர்தான். பணமும் செல்வாக்கும் இருந்தால் பதவியை விலைக்கு வாங்கலாம் என்றிருந்த படை அது. லாம்ப்டனிடம் இரண்டும் கிடையாது.

யார்க்ஷயரில் நார்தலர்டனுக்குப் பக்கத்துக் கிராமத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். 1781இல் படையில் சேர்ந்து, அமெரிக்கச் சுதந்திரப் போரின் கடைசிக் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார். போர் தோற்றபின் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியில், அமெரிக்காவிலிருந்து வெளியேறி வந்த குடியேறிகளுக்கு நிலம் பிரித்துக் கொடுக்கும் அளவை வேலை. பிறகு அங்கேயே படைமனைப் பொறுப்பாளர் பதவி: விறகு, விரிப்பு, கூரை, கணக்கு. பத்து வருடத்துக்கு மேல் இப்படியே கழிந்தது. சூரிய கிரகணத்தைத் தகுந்த தடுப்பின்றிப் பார்த்து ஒரு கண்ணின் பார்வை கெட்டது அந்தக் காலத்தில்தான் என்பார்கள். மாலை நேரங்களில் படித்தது கணிதம். பூமியின் வடிவத்தைப் பற்றி ஐரோப்பாவில் அப்போது வந்துகொண்டிருந்த அளவைகளை அவர் விடாமல் பின்தொடர்ந்தார். "படைக்குத் திரும்பு, அல்லது பதவியை விடு" என்ற பொது உத்தரவு வந்த பிறகே இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

மைசூர்ப் போரில் ஜெனரல் பேர்டின் கீழ் பிரிகேட் மேஜராக இருந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கிய ஓர் இரவில் பேர்டின் படை வழி தவறியது. விண்மீன்களைப் பார்த்துக்கொண்டு வந்த லாம்ப்டன், தெற்கே போக வேண்டிய படை வடக்கே, நேராகத் திப்புவின் காவல் வரிசையை நோக்கிப் போகிறது என்று எச்சரித்தார். முதலில் யாரும் நம்பவில்லை. திசைகாட்டியை எடுத்துப் பார்த்த பிறகு படை திரும்பியது. லாம்ப்டனைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் இந்தக் கதையை விடுவதில்லை. அவருடைய உண்மையான திறமைக்கு இது சரியான சான்று இல்லை என்பது எங்கள் கருத்து. வடக்கா தெற்கா என்பது பெரிய பிழை, கண்ணுக்குத் தெரிவது. லாம்ப்டன் அடுத்த இருபது வருடம் துரத்தியது கண்ணுக்கே தெரியாத பிழைகளை.

கும்பினி கேட்டது, லாம்ப்டன் கேட்டது

போர் முடிந்த அதே ஆண்டில் வெல்லெஸ்லியிடம் ஒரு திட்டம் கொடுத்தார். சோழமண்டலக் கரையிலிருந்து மலபார்க் கரை வரை முக்கோணங்களைக் கோத்துக்கொண்டே போய், முக்கியமான இடங்களின் நிலையைத் துல்லியமாகக் குறிப்பது. 1800 தொடக்கத்தில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் அனுமதி கொடுத்தார். பிளாசியில் சண்டை போட்ட ராபர்ட் கிளைவின் மகன் இவர்.

கும்பினிக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, தேவைப்பட்டது வரைபடம். புதிதாகக் கைக்கு வந்த மைசூரில் வரி எங்கே, காடு எங்கே, படை போகும் வழி எங்கே என்று தெரிய வேண்டும். அதற்குக் காலின் மெக்கன்சியின் நிலவரை அளவையும் பிரான்சிஸ் புக்கானனின் வேளாண் அளவையும் அதே சமயத்தில் தொடங்கிவிட்டன. மூன்றாவதாக ஒருவர் மலை மலையாக ஏறிக் கோணம் பார்ப்பது எதற்கு என்று கணக்குக் குழுவில் ஒருவர் கேட்டார். ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமானால் என் பல்லக்குத் தூக்கியிடம் சொன்னால் போதும், வரைபடம் பார்ப்பதை விட நன்றாகவே வழி கண்டுபிடிப்பான் என்ற பொருளில் அவர் சொன்னது இன்றும் மேற்கோளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மனிதரின் கேள்வி அத்தனை முட்டாள்தனமானது அல்ல. நிலவரை அளவைக்கு லாம்ப்டன் கேட்ட துல்லியம் தேவையே இல்லை. அது தேவைப்பட்டது பூமியின் வடிவத்தைக் கண்டுபிடிக்க: நடுக்கோட்டின் அருகே ஒரு பாகை நிலத்தின் நீளம் எவ்வளவு, துருவத்தை நோக்கிப் போகப் போக அது எவ்வளவு கூடுகிறது. லாம்ப்டன் தன் ஆசையை மனுவில் இரண்டாவதாக வைத்து, கும்பினியின் தேவையை முதலில் வைத்தார்.

கருவிகள் வந்த கதை

தேவைப்பட்டவை மூன்று. நிலத்தில் நீளம் அளக்கச் சங்கிலி, கோணம் அளக்கப் பெரிய தியோடலைட், வானத்தைப் பார்த்து அட்சரேகை காண உச்சிக்கோணமானி.

சங்கிலி கல்கத்தாவில் கிடைத்தது. சீனப் பேரரசருக்குப் பரிசாக மெக்கார்ட்னி தூதுக்குழு எடுத்துப்போன கருவிகளில் ஒன்று அது. பீகிங் அதைப் பொருட்படுத்தாததால், குழுவில் இருந்த டாக்டர் டின்விடியின் கைக்கு வந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. உச்சிக்கோணமானி லண்டனில் ராம்ஸ்டன் செய்தது, 5 அடி ஆரம் கொண்டது.

தியோடலைட்டை லண்டனில் வில்லியம் கேரி செய்தார். பாகைகள் பொறித்த கிடைவட்டத்தின் விட்டம் 36 அங்குலம், பெட்டியோடு சேர்ந்து எடை ஏறக்குறைய அரை டன். அது ஏறி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். விஞ்ஞானக் கருவி என்று தெரிந்ததும் மரியாதைக் கடிதத்தோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். கப்பலைப் பிடித்தது 'பியெமோன்தேஸ்' என்றும் அனுப்பிவைத்தவர் ஆளுநர் டெக்கான் என்றும் பல நூல்களில் காணலாம். அந்தப் போர்க்கப்பல் நீரில் இறங்கியதே 1804இல், டெக்கான் மொரீஷியஸ் வந்தது 1803இல். லாம்ப்டனோ 1802 முடிவதற்குள் அந்தத் தியோடலைட்டை மலைமேல் ஏற்றிவிட்டார். நிகழ்ச்சி மெய், பெயர்கள் யாரோ பின்னாளில் ஒட்டியவை.

கருவி வரும் வரை சும்மா இருக்காமல், 1800 அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெங்களூரில் ஏழு மைலுக்கு மேல் ஒரு அடிக்கோட்டை அளந்து பார்த்தார். அடிக்கோடு என்பது சங்கிலியால் நிலத்திலேயே அளக்கும் முதல் பக்கம்; அதன் நீளமும் முக்கோணத்தின் கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்கள் கணக்கிலேயே வந்துவிடும். கணக்கில் நிற்பது அது அல்ல, சென்னைக் கோடுதான்.

பரங்கிமலையில் ஏழரை மைல்

1802 ஏப்ரல் 10. பரங்கிமலையின் அடியில் தொடங்கித் தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல், அடிக்கணக்கில் 40,000க்குச் சற்று மேல். சமதளம், இரு முனையிலும் குன்று, கடல் பக்கத்திலேயே இருப்பதால் கடல் மட்டத்தோடு உயரத்தை ஒப்பிடலாம். இடத்தேர்வுக்குக் காரணம் இவ்வளவுதான். தென்னிந்தியாவில் எழுந்த எல்லா முக்கோணங்களுக்கும் முதல் பக்கம் இந்தக் கோடு. இங்கே ஓர் அங்குலம் தவறினால், கோடு நூறு மடங்கு நீளும்போது அந்தத் தவறும் நூறு மடங்காகும்.

எஃகுச் சங்கிலி 100 அடி நீளம். இரண்டரை அடிக் கண்ணிகள் நாற்பது. அதை மண்ணில் போட்டு இழுக்கவில்லை. 20 அடி நீள மரத்தொட்டிகள் ஐந்தை வரிசையாக முக்காலிகள் மீது வைத்தார்கள். முக்காலித் தலையில் இருந்த திருகைச் சுற்றினால் தொட்டி ஏறும், இறங்கும். ஐந்து தொட்டிகளும் ஒரே நேர்கோட்டில், ஒரே சரிவில் வந்த பிறகு சங்கிலி உள்ளே படுக்கும். ஒரு முனை முளையில் மாட்டியிருக்கும், மறுமுனையில் எடை தொங்கிச் சங்கிலியை எப்போதும் ஒரே விறைப்பில் வைத்திருக்கும். தொட்டிகளுக்குள் வெப்பமானிகள். வெப்பத்தைப் படித்து, முனையைத் தனி முளையில் நுண்திருகால் குறித்த பிறகே தொட்டிகள் முன்னே நகரும். இப்படி நானூறு தடவை. ஏப்ரல், மே மாதத்துச் செங்கற்பட்டு வெயிலில் நாற்பது நாளுக்கு மேல்.

எங்கே கெடும் என்பதைப் பார்ப்போம். 100 அடி எஃகு, ஒரு பாகை ஃபாரன்ஹீட் சூட்டுக்கு ஏறக்குறைய 0.0075 அங்குலம் நீளும். ஒரு தலைமுடியின் பருமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு. நானூறு தடவைக்கு அது 3 அங்குலம். காலைக்கும் பிற்பகலுக்கும் இடையில் சூடு இருபது பாகை ஏறுகிறது என்றால், திருத்தம் போடாத கோடு ஐந்து அடி வரை பிசகிவிடும். தொட்டிக்கு மேல் துணிப்பந்தல் போட்டது இதற்காகத்தான். வெப்பமானி காட்டுவது தொட்டிக்குள் இருக்கும் காற்றின் சூட்டை, எஃகின் சூட்டை அல்ல. நிழலில்தான் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும்.

இரண்டாவது, தேய்மானம். நாற்பது கண்ணிகள் என்றால் அத்தனை மூட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை தேய்ந்தாலும் சங்கிலி நீண்டுவிடும். நீண்ட சங்கிலி தூரத்தைக் குறைத்துக் காட்டும். லாம்ப்டன் இன்னொரு சங்கிலியை வேலைக்கே எடுக்காமல் தனியே வைத்து, வேலைச் சங்கிலியை அதனோடு முன்னும் பின்னும் ஒத்துப்பார்த்தார். சூட்டுக்கு எஃகு எவ்வளவு நீளும் என்ற எண்ணையும் புத்தகத்திலிருந்து எடுக்காமல் தன் சங்கிலியிலேயே சோதித்துக் கண்டுகொண்டார்.

மூன்றாவது சரிவு. ஒவ்வொரு சரிவிலும் அளந்ததைக் கிடைமட்டத்துக்குக் குறைத்து, பிறகு மொத்தத்தையும் கடல் மட்டத்துக்கு இறக்கிக் கணக்கிட வேண்டும். இது பேனா வேலை. தவறினால் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். முதல் இரண்டும் அப்படி அல்ல. களத்தில் விட்டது விட்டதுதான்.

முக்கோணம் மூடுகிறதா?

கோணங்களைப் பற்றி ஒரு கணக்கைச் சொல்லிவிட்டு மேலே போகலாம். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. 30 மைல் தள்ளி இருக்கும் கொடியைப் பார்க்கும்போது ஒரு விகலை பிசகினால், அங்கே 9 அங்குலம் விலகும். தியோடலைட்டின் வட்டத்தில் அதே ஒரு விகலை ஓர் அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால்தான் அளவைப் படிக்க நுண்ணளவி பொருத்திய உருப்பெருக்கிகள் வைத்திருந்தார்கள்.

இரண்டு கோணம் தெரிந்தால் மூன்றாவதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம் என்று பள்ளியில் படித்திருப்போம். லாம்ப்டன் மூன்றையும் அளந்தார், அதாவது மூன்று மலையும் ஏறினார். மூன்றின் கூட்டுத்தொகை 180 பாகையாக வரக் கூடாது. பூமி உருண்டை என்பதால் சற்றுக் கூடுதலாக வர வேண்டும். சுமார் 76 சதுர மைலுக்கு ஒரு விகலை கூடும். 30 மைல் பக்கமுள்ள முக்கோணத்தில் கூடுதல் 5 விகலை. எதிர்பார்த்த கூடுதலுக்கும் உண்மையில் வந்த கூடுதலுக்கும் உள்ள வேறுபாடுதான் அந்த முக்கோணத்தின் பிழை. ஒவ்வொரு முக்கோணமும் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. அதற்கு மேல் ஒரு சோதனை: பல முக்கோணங்கள் தாண்டிய பிறகு இன்னொரு அடிக்கோட்டைச் சங்கிலியால் நேரடியாக அளந்து, கணக்கு சொன்ன நீளத்தோடு ஒப்பிடுவது. 1804இல் லெப்டினன்ட் ஜான் வாரன் பெங்களூர் அடிக்கோட்டை மறுபடி அளந்தார். சென்னையிலிருந்து சுமார் 160 மைல் முக்கோணங்கள் வழியாக வந்த கணக்குக்கும் சங்கிலிக்கும் இடையே வேறுபாடு 4 அங்குலத்துக்கும் குறைவு. கும்பினிக்காரர்களில் வாயடைத்தவர்கள் வாயடைத்தது இந்த எண்ணைக் கேட்டுத்தான். இந்த வாரன் பிறகு சென்னை வானாய்வுக் கூடத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். கோலாரில் தங்கம் கிடைப்பதைப் பற்றி அறிக்கை எழுதியவரும் அவரே.

மேற்குக் கரையை எட்ட லெப்டினன்ட் ஹென்றி கேட்டர் முன்னே போய்க் குன்று தேடினார். குடகின் தடியண்டமோளும் கண்ணூருக்கு வடக்கே கடலோரத்து எழிமலையும் அகப்பட்டன. நன்னன் ஆண்ட ஏழிற்குன்றம் என்று சங்கப் பாடல் படித்தவர்கள் அறிவார்கள். கரைக்குக் கரை 360 மைல் என்று வந்தது. அதுவரை வரைபடங்கள் காட்டியது 400. நாற்பது மைல் நிலம் காகிதத்திலிருந்து காணாமல் போனது.

பரங்கிமலை, மைசூர் என்று குன்றுள்ள நாட்டில் வேலை இப்படி ஓடியது. உச்சியில் மேடை கட்டு, கல்லில் புள்ளி பொறி, தியோடலைட்டை அதன்மேல் நிறுத்து, கொடிக்காரர்களை அடுத்தடுத்த உச்சிகளுக்கு அனுப்பு, காத்திரு. மழை கழுவிய காற்றில் தொலைவு தெளிவாகத் தெரியும் என்பதால் லாம்ப்டன் மழைக்காலத்தைத் தேர்ந்தெடுத்தார். கோடையில் நிலத்திலிருந்து எழும் கானல் கொடியை ஆட்டும், கோணம் நிற்காது. பார்வைக்கு அது நல்ல முடிவு. உடம்புக்குக் கொடிய முடிவு. மழைக்காலக் காடு என்றால் முறைக்காய்ச்சல், அதாவது மலேரியா. பல வருடம் கழித்து, 1819இல், கிருஷ்ணாவுக்கும் கோதாவரிக்கும் இடையிலுள்ள காட்டில், லாம்ப்டனுக்குத் துணையாக வந்து பின்னர் அவர் பொறுப்பை ஏற்ற ஜார்ஜ் எவரெஸ்டின் முகாம் முழுவதும் காய்ச்சலில் விழுந்தது. ஹைதராபாத்திலிருந்து பல்லக்குகளும் யானைகளும் அனுப்பி ஆட்களை மீட்க வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் பார்க்கும் வழக்கத்தைப் பின்னாளில் எவரெஸ்ட் கைவிட்டு, பனிக்கால இரவுகளில் விளக்கு வைத்துப் பார்க்கும் முறைக்கு மாறினார்.

கொடிக்காரர்கள், சுமைக்காரர்கள், கம்மியர்கள், காவலுக்கு வந்த சிப்பாய்கள் பெயர் ஒன்றும் அச்சில் ஏறவில்லை. உதவியாளர்களில் ஜோஷுவா டி பென்னிங்கின் பெயர் நிற்கிறது. சென்னை அளவைப் பள்ளியில் பயின்ற பையனாக வந்து, லாம்ப்டன் கண்ணை மூடும் வரை உடனிருந்தவர்.

தஞ்சாவூர், 1808

பெங்களூர் அருகிலிருந்து 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டித் தெற்கும் வடக்கும் நீளும் கோடுதான் லாம்ப்டனின் முதன்மை வேலை. பூமியின் வளைவில் ஒரு வில்போல் செல்வதால் அது பெருவில் என்று பேர் பெற்றது. கோயம்புத்தூர் அருகே ஓர் அடிக்கோடு, திருநெல்வேலிச் சீமையில் இன்னொன்று. கட்டபொம்மனைத் தூக்கிலிட்டுப் பத்து வருடம்கூட ஆகவில்லை, பாளையக்காரர் போரின் புண் ஆறாத ஊர்கள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் குழாய்க் கண்ணாடியோடு உயரத்தில் ஏறி நாளெல்லாம் உற்றுப் பார்த்தால் ஊரார் சந்தேகப்பட்டதில் வியப்பில்லை. அந்தப்புரத்தைப் பார்க்கிறான் என்றார்கள் சிலர், புதையல் தேடுகிறான் என்றார்கள் சிலர்.

இதற்கிடையே கிழக்குக் கரையையும் முக்கோணத்தால் இணைக்க வேண்டியிருந்தது. காவிரிச் சமவெளியில் அவருக்குப் புதுச் சிக்கல்: குன்றே இல்லை, எங்கே பார்த்தாலும் தென்னந்தோப்பு. தென்னை 60 அடி என்று வைத்தால், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் 216 அடி உயரத்தில் நின்றாலும் தோப்புக்கு மேலே மிஞ்சுவது 150 அடியே. அவ்வளவு உயரத்திலிருந்து தோப்பு மட்டத்தில் அடிவானம் 16 மைல். எதிர்ப்பக்கத்திலும் உயரமான ஒன்று இருந்தால்தான் முக்கோணம் பெரிதாகும். கோயில்களைத் தவிர வேறு எது? இசைவு வாங்கிக் கோபுரம் கோபுரமாக ஏறினார்.

தஞ்சைப் பெரிய கோயிலில் தியோடலைட்டைப் பெட்டியோடு கப்பியும் வடமும் கொண்டு மேலே இழுத்தார்கள். இப்படிப்பட்ட கட்டடம் மேலே போகப் போகக் குறுகுவது. உச்சியிலிருந்து நேர்கீழே தொங்கும் சுமை, அகன்ற கீழ்நிலைகளில் உரசியே தீரும். அதைத் தவிர்க்கச் சுமையைச் சுவரிலிருந்து விலக்கிப் பிடித்திருக்கும் இழுகயிறு ஒன்று வேண்டும். பாரம் முழுவதையும் வடம் தாங்குகிறது, இழுகயிறு பக்கவாட்டில் பிடிக்கிறது என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அறுந்தது அந்தக் கயிறு. வடம் தாங்கியது, பெட்டி விழவில்லை. ஊஞ்சல் போல ஆடிப்போய்ச் சுவரில் மோதியது. அடி, வட்டத்தை நகர்த்தும் திருகின் மேலும் அதன் பிடியின் மேலும் விழுந்தது. 36 அங்குல வட்டம் நெளிந்தது, ஆரச் சட்டங்கள் வளைந்தன.

வட்டத்தில் ஒரு கோடு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடம் பெயர்ந்தால் கோணத்தில் 11 விகலை பிழை. கண்ணுக்குத் தெரியும் அளவு நெளிந்த வட்டத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். லண்டனிலிருந்து வேறு ஒன்று வரவழைக்க வருடங்கள் ஆகும். இந்த மாதிரிக் கருவி இந்தியாவில் இன்னொன்று இருக்கவில்லை.

அடுத்து நடந்ததை எவரெஸ்ட் பதிவு செய்திருக்கிறார். லாம்ப்டன் ஒரு கூடாரத்துக்குள் போனார். தலைமைக் கம்மியர்களைத் தவிர வேறு யாருக்கும் அனுமதி இல்லை. கருவியைக் கடைசித் திருகு வரை பிரித்தார். பெரிய தட்டைப் பலகை ஒன்றில், வட்டம் எந்த அளவில் இருக்க வேண்டுமோ சரியாக அந்த அளவுக்கு ஒரு வட்டத்தை வெட்டினார். நெளிந்த உலோக வட்டத்தை அதற்குள் வைத்து, ஆப்பு, திருகு, கப்பி இவற்றால் சிறிது சிறிதாக இழுத்து, பலகையின் விளிம்போடு பொருந்தும் வரை கொண்டுவந்தார். வளைந்த ஆரச் சட்டங்களைச் சின்ன மரக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம்.

கொட்டாப்புளியைக் கவனிக்க வேண்டும். இரும்புச் சுத்தி பட்ட இடத்தில் பித்தளை நசுங்கிப் பரவும், சட்டம் நீண்டுவிடும். மரம் வளைவை மட்டும் எடுக்கும், நீளத்தைக் கெடுக்காது. ஆப்பை ஒரே அடியில் இறுக்காமல் வாரக்கணக்கில் நகர்த்தியதற்கும் காரணம் இதே. உலோகம் வளைந்தபின் கொஞ்சம் திரும்பிவரும் குணமுடையது. எவ்வளவு திரும்புகிறது என்று பொறுத்துப் பார்த்துத்தான் அடுத்த திருகு.

வட்டம் கிட்டத்தட்டப் பழைய வடிவத்துக்கு வந்தது. இந்த 'கிட்டத்தட்ட' என்ற சொல்லை மறைத்துவிட்டு வெற்றிக் கதையாகச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. கருவி அதன்பின் ஒருபோதும் முன்போல் இல்லை. வட்டத்தின் ஒரு பக்கத்தில் வரும் பிழையை எதிர்ப்பக்க அளவோடு சேர்த்துச் சராசரி எடுத்து ஓரளவு அடக்கலாம், முழுவதும் போக்க முடியாது. 1808க்குப் பிந்தைய கோணங்களைப் பின்னால் வந்தவர்கள் ஐயத்தோடு பார்த்ததற்கு இது ஒரு காரணம்.

வானத்திலிருந்து வந்த பிழை

தஞ்சாவூர் விபத்தைக் காட்டிலும் ஆழமான சிக்கல், பெங்களூர் அருகே அவர் விண்மீன் பார்த்த தொட்டகுண்டா நிலையத்தில் இருந்தது. அதில் கயிறும் அறுபடவில்லை, ஆளும் தவறு செய்யவில்லை.

பூமியின் வடிவம் தெரிய இரண்டு எண் வேண்டும்: இரு இடங்களுக்கு இடையே நிலத்தூரம், அதே இடங்களின் அட்சரேகை வேறுபாடு. நிலத்தூரத்தை அங்குலக் கணக்கில் பிடித்துவிட்டார். அட்சரேகையை உச்சிக்கோணமானியால் விண்மீன்களைப் பார்த்துக் கண்டார். கருவிக்கு 'மேல்' எது என்று சொல்வது தூக்குக்குண்டு. அட்சரேகையில் ஒரு விகலை பிசகினால் நிலத்தில் 100 அடி. ஆக, ஒரு பக்கம் அங்குலங்களுக்கு அழுது, மறுபக்கம் நூறு அடியை விட்டுக்கொடுக்கும் வேலை இது. இதைக் குறைக்க லாம்ப்டன் ஒரே விண்மீனைப் பல இரவுகள், பல விண்மீன்களை ஒரே இடத்தில் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

தொட்டகுண்டாவில் அத்தனையும் பார்த்தபின்னும் எண்கள் ஒத்துவரவில்லை. தெற்கே ஒரு பாகையின் நீளமும் வடக்கே ஒரு பாகையின் நீளமும் கோட்பாட்டுக்குப் புறம்பாக நின்றன. கருவியை, கணக்கை, விண்மீன் அட்டவணையை எல்லாம் சோதித்துவிட்டு அவர் வந்த முடிவு: தூக்குக்குண்டு நேராகத் தொங்கவில்லை. நிலத்தடியில் எங்கோ அடர்த்தி மிகுந்த பாறை அதைப் பக்கவாட்டில் இழுக்கிறது. பெரிய மலை குண்டை இழுக்கும் என்பது ஸ்காட்லாந்துச் சோதனையால் முன்பே தெரிந்ததுதான். மலையே இல்லாத இடத்தில், மண்ணுக்கு அடியிலிருந்து வரும் இழுப்பைத் தன் அளவையிலிருந்தே சந்தேகித்து எழுதினார் என்பதுதான் விசேஷம். நிலவரை எழுதப் போனவர் நிலத்தடியைத் தொட்ட இடம் இது. எங்களைக் கேட்டால் ஸ்ரீரங்கப்பட்டணத்து இரவை விட்டுவிட்டு இதைத்தான் அவருடைய பெருமையாகச் சொல்வோம். அதன்பின் தொட்டகுண்டாவை நம்பாமல், இன்றைய ஆந்திரத்தின் கூத்தி (Gooty) ஊர்ப் பக்கத்தில் புதிய அடிக்கோடும் புதிய வான்பார்வை நிலையமும் வைத்து வில்லை மறுபடி கணக்கிட்டார்.

கடைசி வருடங்கள்

வில் வடக்கே கூத்தி, பீதர் என்று நகர்ந்தது. பீதர் அருகே 1815இல் இன்னொரு அடிக்கோடு. வெளியுலகம் மெதுவாகத்தான் கவனித்தது. பிரெஞ்சு அகாதமி அவரைத் தொடர்பு உறுப்பினராக்கியது, 1817இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினராக்கியது. 1818 ஜனவரி 1 முதல் சென்னை அரசிடமிருந்து பணி கல்கத்தாவுக்கு மாறி, 'இந்தியப் பெரும் முக்கோண அளவை' என்ற பெயரும் வந்தது. துணைக்கு எவரெஸ்ட் என்ற இளம் பீரங்கிப்படை அதிகாரியும் வாய்சி என்ற மருத்துவரும் வந்தார்கள். வாய்சி நிலவியலாளரும்கூட. லாம்ப்டன் ஹைதராபாத்தில் குடியிருந்தார். முறைப்படி மணம் முடிக்காத இந்தியக் குடும்பமும் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தத் தலைமுறை அதிகாரிகளிடையே அது அரிதல்ல.

எழுபதை ஒட்டிய வயதிலும் முகாமை விடவில்லை. நெஞ்சில் காசநோய். தலைமையிடத்தை நாகபுரிக்கு மாற்றப் புறப்பட்ட வழியில், 1823 ஜனவரி 20 அன்று, ஹிங்கன்காட்டில் இறந்தார். அங்கேயே புதைத்தார்கள், இன்றைய மகாராஷ்டிரத்தின் வர்தா மாவட்டம். அதுவரை முக்கோணத்துக்குள் வந்த பரப்பு 165,342 சதுர மைல், செலவு 835,377 ரூபாய். சதுர மைலுக்கு ஐந்து ரூபாய்.

எவரெஸ்ட் பொறுப்பேற்றபின் தஞ்சாவூரில் அடிபட்ட அதே தியோடலைட்டோடு சில வருடம் மல்லுக்கட்டினார். 1830களில் கருவித் தச்சர் ஹென்றி பாரோ அதைக் கல்கத்தாவில் பிரித்து ஏறக்குறையப் புதிதாகவே கட்டினார். சங்கிலிக்குப் பதில் கோல்பியின் ஈடுசெய் கம்பிகள் வந்தன. பித்தளையும் இரும்பும் இணையாக வைத்து, சூட்டில் இரண்டும் வெவ்வேறு அளவு நீண்டாலும் குறிப்புள்ளிகளுக்கு இடைத்தூரம் மாறாதபடி அமைத்தவை. பரங்கிமலை வெயிலில் லாம்ப்டன் நானூறு தடவை பார்த்த வெப்பமானிக்கு அத்தோடு வேலை பெரும்பாலும் போயிற்று. பீதருக்குத் தெற்கே லாம்ப்டன் போட்ட முக்கோணங்கள் புதிய தரத்துக்குப் போதாது என்று முடிவாகி, 1860களில் மறுபடி அளந்தார்கள். பெங்களூர் அடிக்கோடு 1868இல், குமரிமுனை அடிக்கோடு 1869இல், இரண்டும் கோல்பி கம்பிகளால்.